மூஞ்சூறு வண்டியில் நான்கு பேர்

மெட்ராசிலிருந்து உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உறைக்குள் நீ மடித்து வைத்திருந்த வழுவழுப்பான தாளை உன் அம்மாதான் முதலில் பிரித்தாள். பால் வெள்ளையில் ஒரு குட்டிக் கார், சக்கரத்தின் நடுவில் குங்குமம் வைத்ததுபோல் சிவப்பு வட்டம். இத்தாலிக்காரர்களின் ‘ஐந்நூறு’ என்ற மாடல், பழைய அச்சில் புதிதாகச் செய்தது, குறைந்த எண்ணிக்கையில்தான் வெளியிடுகிறார்கள், ஒவ்வொரு வண்டியிலும் அதன் வரிசை எண் பொறித்த தகடு இருக்கும், அதில் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தாய். கீழே ஒரு வரி: "நம்ம வீட்டுப் பழைய வண்டியே திரும்பி வருதுப்பா." நீ அந்த வண்டியைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்தவன். ஆயுள் முழுக்கச் செய்தி எழுதியவனுக்குப் பிழையைக் கண்டால் கை சும்மா இருக்காது. நீ அனுப்பிய படத்தில் இருப்பது ஐம்பத்தேழில் வந்த ஐந்நூறின் சாயல். அதற்கு எஞ்சின் பின்னால். நம் வீட்டில் நின்றது அதற்கு முந்தைய ஐந்நூறு. எஞ்சின் முன்னால், நீண்ட மூக்கு, மூக்கின் இரு பக்கமும் பிதுங்கிய கண்கள்போல் விளக்குகள், மேலே சுருட்டிவிடக்கூடிய கித்தான் கூரை, உள்ளே இரண்டே இருக்கைகள். அந்த நாட்டில் அதை டோப்பொலினோ என்று செல்லமாகச் சொல்வார்களாம். சுண்டெலி என்று பொருள்.

இரண்டே இருக்கைகள் என்பதை நினைவில் வைத்துக்கொள். நான் எழுத வந்தது அதைப் பற்றித்தான்.

உன் கடிதத்தின் இரண்டாம் பக்கத்தைக் காரைவிடக் கவனமாகப் படித்தேன். மருமகள் கோமதிக்கு வங்கியில் பதவி உயர்வு வந்திருக்கிறது, போபாலில் போய்ச் சேர வேண்டும், வேண்டாம் என்றால் அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். நீ எழுதியிருப்பது இது: அவள் தனியாக எப்படி இருப்பாள்? அம்மாவைத் துணைக்கு அனுப்பலாம் என்றால் அப்பா தனியாகிவிடுவார். அப்பாவும் போகலாம் என்றால் தென்காசி வீட்டை யார் பார்ப்பது? எனக்கு மாற்றல் கிடைக்க இரண்டு வருடம் ஆகும், எல்லோரும் சேர்ந்து போக முடிகிறபோது போகலாம். ஆகவே வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன், அவளும் சரி என்றுவிட்டாள், வருத்தம் தெரியாமல் இருக்கத்தான் இந்தக் கார். இதில் ஒரு வார்த்தைகூடக் கெட்ட எண்ணத்தில் எழுதியதில்லை என்று எனக்குத் தெரியும். இதே கணக்கை இதே நல்ல எண்ணத்தோடு போட்ட வீட்டில்தான் நானும் வளர்ந்தேன். அதன் விடை என்னவென்று எனக்குத் தெரியும்.

உன் பெரியப்பாவை நீ படுக்கையில் கிடந்த கிழவராகத்தான் பார்த்திருக்கிறாய். நான் சொல்லும் காலத்தில் அவருக்கு முப்பத்தெட்டு வயது. எனக்கு இருபத்து நான்கு. எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போனபின் என்னை வளர்த்துப் படிக்க வைத்தவர் அவர்தான். தென்காசியில் கோயிலுக்குத் தெற்கே இருந்த வீட்டில் எனக்கு அண்ணாச்சியும் மைனியுமான உன் பெரியப்பா பெரியம்மாவும், நானும் உன் அம்மாவும் இருந்தோம். வயல் முழுவதையும் அவர் பார்த்துக்கொண்டார். நான் ஒரு நாளிதழுக்குப் பகுதிநேர நிருபர். கல்யாணமாகி ஒன்பது மாதம். அந்த வருடம்தான் ஆரியங்காவுப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து மேலாளர் ஊரைவிட்டுப் போகிறார் என்று கேள்விப்பட்டு, அண்ணாச்சி அவருடைய வண்டியை வாங்கி வந்தார். சாம்பல் நிறம். எங்கள் தெருவில் அதற்கு முன் நின்ற கார்கள் எல்லாம் கல்யாணத்துக்கு வாடகைக்கு வந்தவை.

செங்கோட்டையில் ஒரு மெக்கானிக் இருந்தார், புனலூர்க்காரர், பேச்சில் பாதி மலையாளம். வண்டியை அவரிடம் காட்டப் போனபோது நானும் கூட இருந்தேன். அவர் குனிந்து அடிப்பாகத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "அண்ணாச்சி, இதில ரெண்டாளு மதி, போதும். பின்னால இருக்குந்நது பெட்டி வய்க்கான் உள்ள குழியாணு. ஆளு கேறினா ஸ்பிரிங் பட்டை போகும்."

"இந்த வண்டிக்குப் பேரு என்னவே?" என்றார் அண்ணாச்சி.

"எலின்னு சொல்லும், அவங்க நாட்டில."

அண்ணாச்சி சிரித்தார். "எலியா? மூஞ்சூறுன்னு சொல்லும். பிள்ளையாரே ஏறிப் போறாரு, அவரு தொந்தி என்ன, தும்பிக்கை என்ன. அதுக்கு ஒண்ணும் ஆவலயே. நாங்க நாலு மனுசரு ஏறுனா பட்டை போயிருமோ?"

மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, "பகவானு வெயிட்டு இல்லல்லோ" என்றார். அண்ணாச்சிக்கு அது காதில் விழவில்லை. அன்று முதல் தெருவில் வண்டிக்கு மூஞ்சூறு என்று பெயர்.

வண்டி வந்ததும் ஒரு சிக்கல் தலைகாட்டியது. இருவர் மட்டும் போகும் வண்டியில் எந்த இருவர் போவது? புதிதாகக் கல்யாணமான தம்பியும் அவன் பெண்டாட்டியும் தனியாகக் காரில் போனால் தெரு என்ன சொல்லும் என்று மைனி கேட்டாள். அண்ணாச்சியும் மைனியும் மட்டும் போனால், சின்னஞ்சிறுசுகளை விட்டுவிட்டுப் பெரியவர்கள் ஊர் சுற்றுகிறார்கள் என்று பேச்சு வரும். யாரும் விதி என்று எழுதி ஒட்டவில்லை. ஆனாலும் வண்டி வந்த ஒரு மாதத்தில், ஆணும் பெண்ணுமாக இரண்டு பேர் மட்டும் அதில் ஏறுவதில்லை என்பது எங்கள் வீட்டில் நிலைத்துவிட்டது. இரண்டு பேருக்கென்று செய்த காரில்!

உன் அம்மா எஸ்.எஸ்.எல்.சி. முடித்தவள். கல்யாணத்துக்கு முன்பே பாளையங்கோட்டையில் ஓர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளிக்கு மனுப் போட்டிருந்தாள். இடம் கிடைத்துவிட்டது என்று ஜூன் மாதம் தபால் வந்தது. திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் அசல் சான்றிதழ்களோடு நேரில் வந்து சேர வேண்டும், தவறினால் காத்திருப்போர் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அதில் தெளிவாக இருந்தது. அண்ணாச்சி தடை சொல்வார் என்று நான் பயந்தேன். அவர் சந்தோஷப்பட்டார். "நம்ம வீட்டுலயும் ஒரு டீச்சரு" என்று தெருவில் நாலு பேரிடம் சொல்லிவிட்டுத்தான் காலைச் சாப்பாட்டுக்கு வந்தார். அதனால்தான் பின்னால் நடந்ததற்கு யாரையும் குற்றம் சொல்லவே முடியாமல் போயிற்று. வேண்டாம் என்று ஒருவராவது சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேனோ என்னவோ.

அந்தத் திங்கட்கிழமை உன் அம்மா காலை ரயிலுக்குத் தயாராக நின்றாள். குளித்து, தலை பின்னி, சான்றிதழ்களை மஞ்சள் துணிப்பையில் வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் வீட்டில் அவள் ஒருத்திதான் செருப்பு போட்டிருந்தாள். அண்ணாச்சி பல் விளக்கிக்கொண்டே வந்தார்.

"ரயிலா? வீட்டுல காரு நிக்கும்போது என் தம்பி பொண்டாட்டி ரயில்ல போறதா? ஏலே, நீயே ஓட்டிக்கிட்டுப் போ. ஏழரைக்கு ராகுகாலம், ஒம்பதுக்குக் கெளம்புனா பதினோரு மணிக்கு அங்கன நிப்ப."

நான் சாவிக்குக் கை நீட்டினேன். மைனி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ரெண்டு பேருமா மட்டும்? பாளையங்கோட்ட வரைக்குமா? நானும் வாரேன். பின்னால குந்திக்கிடுதேன்."

"மூணு பேராவா?" என்றார் அண்ணாச்சி. "நல்ல காரியத்துக்கு மூணு பேரா போனா வெளங்குமா?"

உன் தலைமுறைக்கு இது தெரியுமோ தெரியாதோ. பெண் பார்க்க, நிச்சயம் பேச, வேலையில் சேர, எதற்கும் மூன்று பேராகப் புறப்படக் கூடாது. புறப்பட்டால் காரியம் முறிந்துவிடும் என்பது கணக்கு. அதற்கு மாற்றும் உண்டு. மைனி அதைத்தான் சொன்னாள்: "ஒரு கல்ல மடியில வச்சுக்கிட்டா நாலாயிரும்லா."

"கல்லு என்னத்துக்கு? நான் ஒருத்தன் இங்கன கல்லு மாதிரி நிக்கேன்லா? நானே வாரேன். வண்டியையும் நானே ஓட்டுதேன்."

ரயில் போன சத்தம் அப்போதுதான் கேட்டது. உன் அம்மா செருப்பைக் கழற்றினாள்.

ஒன்பது மணி இரண்டு நிமிடத்துக்குப் புறப்பட்டோம். உட்காருவதிலும் ஒரு முறை இருந்தது. தம்பி மனைவி கணவனின் அண்ணன் பக்கத்தில் உட்காரக் கூடாது. மைனியைப் பெட்டிக் குழியில் போட்டுவிட்டு நான் இருக்கையில் உட்காருவதும் மரியாதை இல்லை. ஆகவே அண்ணாச்சி ஓட்ட, மைனி அருகில் உட்கார, நானும் உன் அம்மாவும் பின்னால் குழியில் ஒடுங்கினோம். என் முழங்கால் என் தாடையை இடித்தது. அவள் தலை கித்தான் கூரையில் முட்டியது. சாரல் விழுந்ததால் கூரையைச் சுருட்ட முடியவில்லை. பின்பக்கத்துச் சின்னக் கண்ணாடியில் தெரிந்த சாலைதான் எங்களுக்கு வெளியுலகம், அதுவும் பின்னோக்கிப் போய்க்கொண்டிருந்தது. பகல் வெளிச்சத்தில் நாங்கள் இருவரும் அவ்வளவு நெருங்கி உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. அவள் மஞ்சள் பையை நசுங்காமல் இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாள். நான் சட்டைப் பையிலிருந்து குறிப்புப் புத்தகத்தை எடுத்து நேரம் எழுதினேன். அது என் பழக்கம்.

அந்தப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பாவூர்ச்சத்திரம், 9.41. முன்னால் ஆவி. நிறுத்தம். தண்ணீர் கொதித்து மூக்கு முழுக்கப் புகை. அண்ணாச்சி இறங்கி எஞ்சினை அணைத்துவிட்டு, ஆறட்டும் என்றார். மைனியும் காலை நீட்டுவதற்கு இறங்கினாள். நாங்கள் இறங்க வேண்டுமானால் முன்னிருக்கையைச் சாய்க்க வேண்டும், யாரும் சாய்க்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. எதிரே புளியமரத்தடியில் திருநெல்வேலி பஸ் நின்றுகொண்டிருந்தது. நடத்துநர் ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். என் குறிப்பில் இருக்கிறது: 9.50. தி.வேலி பஸ். இடம் உண்டு.

உன் அம்மா என் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "நாம ரெண்டு பேரும் இதுல போயிருவோமா?"

நான் முன்கண்ணாடி வழியாக வெளியே பார்த்தேன். அண்ணாச்சி நமக்காக வண்டி எடுத்து, வேலையை விட்டு, மழையில் நின்று மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவரை நடுரோட்டில் விட்டுவிட்டு, "உங்க காரு வேண்டாம், நாங்க பஸ்ஸுல போறோம்" என்று எந்த வாயால் சொல்வது? அவர் முகம் என்ன ஆகும்? தெருவில் இதை அவர் எப்படிச் சொல்லுவார்? இவ்வளவும் நினைத்தேன். உன் அம்மா முகம் என்ன ஆகும் என்று மட்டும் நினைக்கவில்லை. பஸ் கிளம்பியது. நான் 9.56 என்று எழுதினேன்.

ஆலங்குளம் தாண்டி இரண்டு மைலில், சாலை நடுவே ஒரு பள்ளத்தில், பின்பக்கம் பட்டை முறிந்தது. துப்பாக்கிச் சத்தம் போலக் கேட்டது. வண்டி இடப்பக்கம் உட்கார்ந்துவிட்டது. அதன்பின் வந்த ஒரு பஸ்ஸில் நிற்கவும் இடமில்லை, நிறுத்தாமல் போனார்கள். வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டபோது மணி ஒன்றேகால். பயிற்சிப் பள்ளிக்குள் நுழைந்தது இரண்டு இருபதுக்கு. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த குமாஸ்தா நல்ல மனிதர், வைக்கோல் ஒட்டிய எங்கள் தலைகளைப் பார்த்துவிட்டு எழுந்து நின்றார். "பன்னெண்டே முக்கால் வரைக்கும் வச்சுப் பார்த்தேம்மா. அடுத்த பிள்ளை அவங்க அம்மாவோட காலையிலிருந்தே காத்துக் கிடந்துச்சு. கொடுத்துட்டேன்" என்றார். அந்தப் பெண் வராந்தாவில்தான் உட்கார்ந்திருந்தாள். உன் அம்மா அவளிடம் போய், என்ன பெயர் என்று கேட்டுவிட்டு, "நல்லாப் படிங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

அண்ணாச்சி அன்றிரவு சாப்பிடவில்லை. பட்டையை மாற்றிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, "குத்தாலத்துக்குப் போவோம், பிள்ள மனசு ஆறட்டும்" என்றார். அவருக்குத் தெரிந்த மருந்து அது. அப்போதும் நான்கு பேர், அதே இடங்கள். அருவியில் நல்ல தண்ணீர். பெண்கள் பக்கம் போன உன் அம்மா வெகுநேரம் வெளியே வரவில்லை. மைனி ஈரச்சேலையோடு ஓடிவந்து, "கூப்பிட்டா வரமாட்டேங்கா, கம்பியப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நிக்கா" என்றாள். பிறகு ஒருவழியாக வந்தாள். கண் சிவந்திருந்தது. குற்றாலத்தில் எல்லோர் கண்ணும் சிவந்துதான் இருக்கும், அதனால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. அருவிகளில் நீர்வரத்து, பயணிகள் மகிழ்ச்சி என்று அன்று சாயங்காலம் பத்திரிகைக்குத் தந்தி கொடுத்தேன்.

அடுத்த வருடம் அவள் மனுப் போடவில்லை. ஆசை தீர்ந்துவிட்டது போல என்று எடுத்துக்கொண்டேன். அறுபதுகளின் நடுவில், உன் பிறப்புக்கு முன்னால், அண்ணாச்சி வண்டியைப் புனலூர்ப் பக்கம் ஒருவருக்குக் கொடுத்துவிட்டுப் பெரிய கார் வாங்கினார். அதில் நாங்கள் எல்லோரும் வசதியாக உட்கார்ந்தோம். அதில்தான் எனக்கு மூச்சு அதிகம் முட்டியது. இடம் இல்லை என்று சொல்லவும் வழியில்லாமல் போய்விட்டது. எங்கே போனாலும் எல்லோருமாகப் போய், எல்லோருமாகத் திரும்பி வந்தோம். அண்ணாச்சி காலமான பிறகும் உன் அம்மா தனியாக ஆஸ்பத்திரிக்குக்கூடப் போனதில்லை. விடாதவன் நான். பாசம் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தேன்.

உன் கடிதம் வந்த அன்று அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கோமதியைப் பற்றிய பக்கத்தைப் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, கார் படம் போட்ட தாளை எடுத்து ஒரு தடவை பார்த்தாள்.

"இதுல எத்தன பேரு உக்காரலாமாம்?"

"நாலு பேரு."

"நல்லதாப் போச்சு" என்றாள். சிரிக்கவில்லை.

எனக்குத் தாங்கவில்லை. இத்தனை வருடமாகக் கேட்காததைக் கேட்டேன். "பாவூர்ச்சத்திரத்துல நீ ஒண்ணு சொன்னேல்லா..."

"ஆமா. உங்களுக்குக் கேட்டிருக்காதுன்னு நெனச்சுக்கிட்டேன். எஞ்சின் சத்தத்துல."

எஞ்சின் அணைந்திருந்தது. அது அவளுக்கும் தெரியும். எனக்காக அந்தச் சத்தத்தை அவள் இத்தனை காலம் தானே ஓடவிட்டிருக்கிறாள். எத்தனையோ பேரிடம் கேள்வி கேட்டுப் பிழைத்தவன் நான், ஒரே ஒரு பதில் சொல்ல இவ்வளவு வருடம் ஆகியிருக்கிறது.

"கேட்டுச்சு" என்றேன்.

அவள் கை நின்றது. பிறகு ஒரு காம்பை உருவி இலையைத் தட்டில் போட்டாள். "அதுக்கப்புறம் நான் உங்ககிட்ட எனக்குன்னு எதாவது கேட்டிருக்கனா? யோசிச்சுப் பாருங்க."

யோசித்தேன். நான்கு நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். உனக்குக் கேட்டிருக்கிறாள், வீட்டுக்குக் கேட்டிருக்கிறாள், அண்ணாச்சிக்கு வைத்தியம் பார்க்கக் கேட்டிருக்கிறாள். தனக்கென்று ஒன்றும் என் நினைவில் இல்லை. இதை நான் கவனிக்கவும் இல்லை. அவள் திருப்தியாக இருக்கிறாள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீ எழுதியிருக்கிறாய், கோமதி சரி என்றுவிட்டாள் என்று. மகனே, அந்தச் சரியை நம்பாதே. ஒரு பெண் நம்மை மன்னிக்கும்போதும் சரி என்றுதான் சொல்வாள், நம்மிடம் கேட்பதை நிறுத்திக்கொள்ளும்போதும் சரி என்றுதான் சொல்வாள். இரண்டும் ஒரே குரலில் இருக்கும். நான் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு திரிந்தவன், எனக்கே பிரித்தறியத் தெரியவில்லை. துணை, தனிமை, வீட்டைப் பார்ப்பது என்று நீ வரிசையாக வைத்திருக்கும் காரணங்கள் எல்லாம் நியாயமானவை. எங்கள் காரணங்களும் நியாயமானவைதான். ஒவ்வொரு நியாயமாக ஏற்றிக்கொண்டே போனோம். நீ கோமதியிடம் போய், உன் காரணங்கள் ஒன்றையும் சொல்லாமல், போக வேண்டுமா என்று மட்டும் கேள். பதில் வரும்வரை வேறு எதையும் பேசாதே. அவள் போக வேண்டும் என்றால், போபாலுக்கு ஒரு பெட்டியோடு ஒருத்தியாகப் போகட்டும். பயமாக இருந்தால் பயந்துகொண்டே போகட்டும். நீ பின்னால் போவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கார் வாங்குவது உன் விருப்பம், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓர் ஆளின் இடத்தை எடுத்துக்கொண்டு அதற்குப் பதிலாக ஒரு வண்டியைக் கொடுக்காதே.

நேற்று உன் அம்மாவிடம், இப்போதாவது ஏதாவது கேள் என்றேன். சொன்னதும் எனக்கே அசட்டுத்தனமாக இருந்தது. அவள் நேரம் எடுத்துக்கொள்ளவில்லை.

"மெட்ராசுக்கு டிக்கெட்டு ஒண்ணு எடுத்துத் தாங்க. எனக்கு மட்டும்."

"துணைக்கு நான் வரட்டுமா?" என்று கேட்டுவிட்டேன். வாய் பழகிப் போயிற்று.

"வேண்டாம்."

புதன்கிழமை சாயங்காலம் புறப்படுகிறாள். வியாழக்கிழமை காலை எழும்பூரில் இறங்குவாள். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், கோமதி மட்டும் வந்தால் போதும் என்று எழுதச் சொன்னாள். அவளிடம் என்ன பேசப் போகிறாய் என்று கேட்டேன். "அவளப் பேச விடணும், அதுக்குத்தான் போறேன்" என்றாள். நீ கூட வந்து நின்றால் ரயிலைவிட்டு இறங்க மாட்டாளாம். முன்பு இதைச் சொல்லியிருந்தால் விளையாட்டு என்று நினைத்திருப்பேன். வியாழக்கிழமை காலை நீ வீட்டிலேயே இரு.

அப்பா